கஸ்பார் பார்

வள்ளம் கெடையாது தம்பி. அத மொதல்லயே சொல்லிருதேன். டீயக் குடிச்சு முடிச்சப் பொறவு சொன்னா ஒங்களுக்கு மனசு சங்கடமாப் போவும். ஒக்காருங்க. வள்ளம் கெடையாதுன்னா டீயும் கெடையாதுன்னு அர்த்தம் இல்ல. ஆனா அந்த மெசினக் கட்டி இழுக்கதுக்கு இந்தக் கஸ்பாரு வள்ளம் இனி வராது. ஒங்க ஆபீசுல போய் இப்படியே சொல்லுங்க.

அமலோற்பவம், தம்பிக்கு டீ!

பாத்தியளா, ஒங்களுக்குக் கையில குடுக்கா. எனக்கு உள்ளத ஜன்னல் கட்டையில வச்சிட்டுப் போறா. எட்டு மாசமா இப்படித்தான். சோறும் அப்படித்தான், தண்ணியும் அப்படித்தான். ஒரு வார்த்த பேச்சு கெடையாது. கல்யாணம் கட்டி இருபத்தாறு வருசம். இருபத்தாறு வருசத்துல நாங்க போடாத சண்டையா? மறுநாளு காலையில பேசிருவா. இப்பத்தான் இப்படி. எல்லாம் ஒங்க மெசின் பண்ணுன வேல.

இல்ல, நீங்க புதுசு. ஒங்களுக்குத் தெரியாது. ஹமீதா மேடம் மாத்தலாகிப் போயிட்டாவ, ஒங்கள அனுப்பியிருக்காவ. அப்ப நீங்க தெரிஞ்சிக்கிடணும்லா? சொல்லுதேன்.

போன வருசம், மேக்க இருந்து அடிக்க கச்சான் காத்து ஓஞ்ச சமயம். ஒரு ஜீப்புல மூணு பொட்டி வந்து எறங்குச்சு. கீழக்கரைக்காரவ, அந்த ஹமீதா மேடம். கூட லோகநாதன்னு ஒரு பையன், மெட்ராஸ்காரன், எப்பவும் கறுப்புக் கண்ணாடி. இந்தக் கடலோட அடி முழுக்கப் படம் எடுக்கப் போறோம், எங்க கல்லு, எங்க மணலு, எங்க கடல்புல்லு, எந்த எடத்துல என்ன உசுரு குடியிருக்கு, எல்லாம் தெரிஞ்சாத்தான் காப்பாத்த முடியும்னாவ. நல்ல காரியந்தான். நான் வேண்டாம்னா சொன்னேன்? அடிக்கடல் நல்லாத் தெரிஞ்ச ஆளு வள்ளத்தோட வேணும்னு கரையில நின்னு கேட்டாவ.

எல்லாப் பயலுவளும் தொம்மையத்தான் கை காட்டுனானுவ. தொம்மைன்னா என் மச்சினன். அமலோற்பவத்துக்குத் தம்பி. சங்கு குளிச்ச ஆளு. அவனுக்குக் காது கேக்காதேன்னு நாந்தான் சொன்னேன். பொய்யில்லையே. ஒரு காது கேக்காது. ஆழத்துல போய்ப் போய்ச் சவ்வு கிழிஞ்சிட்டு. கடல்ல எஞ்சின் சத்தத்துல அந்த மேடம் ஒண்ணு சொல்ல, அவன் ஒண்ணு செய்ய, மெசின் என்னத்துக்கு ஆவும்? அவங்க நல்லதுக்குத்தான் சொன்னேன். அப்ப நீங்க வாங்க அண்ணேன்னுட்டாவ. போனேன்.

மெசினப் பாத்தேன். மஞ்சக் கலர்ல, நீளமா, வால்ல செறகு வச்சு ஒரு சாமான். அதுக்குப் பேரு மீனாம்! நாப்பது வருசமாக் கடல்ல கெடக்கேன், எனக்கு மீன் காட்டுதானுவ. அதக் கயித்துல கட்டித் தண்ணிக்குள்ள இழுத்துக்கிட்டே போவணும். அது ரெண்டு பக்கமும் சத்தம் போடும், நம்ம காதுல விழாது. அந்தச் சத்தம் அடியில மோதித் திரும்பும். கல்லுன்னா பலமாத் திரும்பும், சேறுன்னா முழுங்கிரும். அத வச்சுக் கம்ப்யூட்டர் படம் வரையும். இதத்தான் அவங்க இருட்டுல பாக்க மாதிரின்னு சொன்னாவ. எனக்கு எதுக்கு? நான் ஈயத்தக் கட்டிக் கயித்த எறக்குனா கையிலயே தெரிஞ்சிரும், கல்லா மணலான்னு.

ஆனா அந்தக் கோடு இருக்கே தம்பி, அந்தக் கோடு! இருபத்திமூணு நாளு. காலைல ஆறு மணிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் நேரா ஒரு கோடு போவணும், திரும்பணும், அதுக்குப் பக்கத்துலயே இன்னொரு கோடு வரணும். வயல்ல ஏரு ஓட்டுற மாதிரி அண்ணேன்னாவ. எனக்கு ஏரும் தெரியாது, வயலும் தெரியாது. வேகமாவும் போவக் கூடாது, மெதுவாவும் போவக் கூடாது. அந்த லோகநாதன் ஒரு திரையப் பாத்துக்கிட்டே இருப்பான். "அண்ணா, லெஃப்ட்ல ரெண்டு மீட்டர் போயிட்டீங்க." ரெண்டு மீட்டர்! கடல்ல ரெண்டு மீட்டர்னா என்ன தம்பி? ஒரு அல வந்து தூக்கிப் போட்டா ரெண்டு மீட்டரு. "அண்ணா, படம் கோணுது." "அண்ணா, இந்தக் கோடு வேஸ்ட், திரும்பப் போவணும்." என் சொந்த வள்ளத்துல, என் சொந்தக் கடல்ல, கண்ணாடி போட்ட ஒரு பய எனக்கு லெஃப்ட்டு ரைட்டு சொல்லுதான்.

அதக்கூடப் பொறுத்துக்கிட்டேன். ஒம்பதாவது நாளு என்ன நடந்துச்சுன்னு கேளுங்க.

ஒரு எடம் வந்துச்சு. மேடம், இங்கன கல்லு உண்டு, வலை போட்டாக் கிழியும், என் அப்பச்சி காலத்துலேர்ந்து தெரியும்னு சொன்னேன். மெசின் போச்சு. திரையில பாத்தா மணலு. வரி வரியா, சீப்பு வச்சுச் சீவி விட்ட மாதிரி மணலு. லோகநாதன் சிரிச்சான். சத்தமாச் சிரிக்கல, ஆனா சிரிச்சான். மேடம் கயித்துல காமெராவக் கட்டி எறக்குனாவ. மணலுதான். ஒரே ஒரு கடலட்டை கெடந்துச்சு.

"புயல்ல மணல் வந்து மூடியிருக்கும் அண்ணே. நீங்க சொன்னது தப்புன்னு இல்ல"ன்னாவ மேடம்.

அதுதான் தம்பி எனக்குத் தாங்கல. அவன் சிரிச்சதக்கூட விட்டுருவேன். இவங்க எம்மேல எரக்கப்படுதாவ!

ரெண்டு நாளு கழிச்சு, இங்க வெறும் மணலுன்னு நான் சொன்ன எடத்துல புல்லு வந்துச்சு. அரை மைலுக்குப் புல்லு. மேடம் நோட்டுல எழுதிக்கிட்டாவ. அந்த லோகநாதன் சாயங்காலம் டீக்கடையில போய்ச் சொல்லிட்டான். மறுநாளு நான் கரைக்கு வாறேன், ஒரு பய கேக்கான்: "கஸ்பாரு, ஒம்ம கல்லு மணலாப் போச்சாமே?" எல்லாரும் சிரிக்கானுவ. அம்பத்திநாலு வயசு எனக்கு.

அதுக்கு மறுநாளுதான் நான் கோட்ட விட்டுட்டு வள்ளத்தத் திருப்புனேன்.

"அண்ணே, எங்க போறீங்க?"

"சும்மா வாங்க மேடம்."

"இது நம்ம எல்லைக்குள்ள இல்லையே அண்ணே."

"ஒங்க எல்லை எனக்குத் தெரியாது. ஒங்க மெசினு எம்புட்டுப் பாக்கும்னு இன்னைக்குப் பாப்போம்."

தென்கெழக்க ஒரு மணி நேரம். எட்டுப் பாகம் ஆழம், அம்பது அடி வரும். சுத்திலும் சேறு, ஒருத்தனும் வலை போட வரமாட்டான். அங்கன ஒரு பார் கெடக்கு, கல்லும் பவளமுமா ஒரு மேடு. ஊருல யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டுந்தான் தெரியும். எனக்கும்... சரி, சொல்லுதேன், இருங்க.

மொத வாட்டி போனோம். ஒண்ணும் இல்ல, எல்லாம் சேறு. லோகநாதன் கொட்டாவி விட்டான். கொஞ்சம் தள்ளி ரெண்டாவது வாட்டி போனோம். திரையோட ஓரத்துல ஒரு புள்ளி வந்துச்சு. அப்புறம் வெள்ளையா ஏறுது, ஏறுது, அதுக்குப் பின்னால கன்னங்கரேல்னு நெழலு விழுது. அந்த நெழலு நீளத்த வச்சே ஒசரம் சொல்லிருவாவ, தெரியும்லா? மூணு ஆளு ஒசரம்னாவ. நம்ம பங்குக் கோயில் அளவுக்குக் கெடக்கு தம்பி அந்தப் பாரு! மேடம் எந்திரிச்சு நின்னுட்டாவ. வள்ளம் ஆடுது, அவங்களுக்கு அது நெனப்பே இல்ல.

"அண்ணே, இது எந்தப் படத்துலயும் கெடையாது அண்ணே!"

காமெரா எறக்குனாவ. பவளம், பூஞ்சை மாதிரி செவப்புச் செவப்பாக் கடல்பஞ்சு, கூட்டங்கூட்டமா விளமீனு. ஒரு கலவா மீனு வந்து காமெராவுக்குள்ள மொகத்த விட்டுப் பாக்குது. லோகநாதன் கண்ணாடியக் கழட்டிட்டான். "அண்ணா, செம அண்ணா"ங்கான். எனக்கு அன்னைக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? சொல்லத் தெரியல தம்பி. எம் புள்ள பொறந்தன்னைக்குக்கூட அப்படி இல்ல.

அப்ப அந்த மேடம் கேட்டாவ. கேக்கலன்னு சொல்ல மாட்டேன். "அண்ணே, இது ஒங்களுக்கு மட்டும் தெரிஞ்ச எடமா? வேற யாராவது இத நம்பித் தொழில் செய்யுறாங்களா? அப்படின்னா சொல்லுங்க. ஊருக்குக் காட்டுற படத்துல நான் போடமாட்டேன், ஆபீஸ்ல மட்டும் இருக்கும்."

"போடுங்க மேடம்"னேன். "டீக்கடையில இருக்கவன் எல்லாம் பாக்கட்டும். பேரும் போடுங்க."

"என்ன பேரு அண்ணே?"

ஒரு நிமிசம் யோசிச்சேன். ஒரு நிமிசந்தான். அப்புறம் சொன்னேன், கஸ்பார் பார்.

என்ன தப்பு? எம் வள்ளம் போன எடம். எப்பவும் எவன் பேரயாவது வச்சுத்தானே பாருக்குப் பேரு விழுது.

இல்ல, நான் கண்டுபிடிச்சதுன்னு எப்ப சொன்னேன்? நங்கூரம் மாட்டுச்சு. பதினோரு வருசத்துக்கு முன்னால. இழுத்துப் பாத்தோம், வரல. கயித்த அறுத்துருவோம்னு நாந்தான் சொன்னேன். வேண்டாம் அத்தான்னு சொல்லிட்டு அவன் குதிச்சிட்டான். தொம்மை. எனக்கு எட்டுப் பாகம் மூச்சு நிக்காது தம்பி. அவன் போயி, நங்கூரத்தக் கழட்டிவிட்டு, மேல வந்து வள்ளத்தப் புடிச்சுக்கிட்டு மூச்சு வாங்குதான். காதுலேர்ந்து ரெத்தம் வடியுது, அதக் கவனிக்கல. சிரிக்கான். "அத்தான், கீழ ஒரு ஊரே இருக்கு"ங்கான். அன்னைக்குத்தான் அந்தக் காது போச்சு.

அதுக்கப்புறம் அவனால சங்கு குளிக்க முடியாதுலா? அந்தப் பாருதான் அவனுக்கு எல்லாம். கைத்தூண்டில் போட்டு, அளவா நாலு கலவா, அஞ்சு விளமீனு, அவ்வளவுதான் எடுப்பான். நானும் எப்பவாவது போவேன். யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு ரெண்டு பேரும் குருசடிச் சிலுவ முன்னால வச்சுச் சத்தியம் பண்ணுனோம். நான் அத மீறல. எந்த மனுசங்கிட்டயும் சொல்லமாட்டேன்னுதான் சத்தியம். நான் எந்த மனுசங்கிட்ட சொன்னேன்? மெசின்தானே பாத்துச்சு? அமலோற்பவத்துட்ட இதத்தான் சொன்னேன். அன்னைக்குப் பேச்ச நிறுத்துனவதான்.

தையில பள்ளிக்கூட ஹால்ல கூட்டம் போட்டாவ. செவரு முழுக்கப் படம். புல்லு பச்ச, மணலு மஞ்சள், சேறு சாம்பல், கல்லு காவிக் கலரு. அழகாத்தான் இருந்துச்சு. அந்த மேடம் நின்னு, இங்க இங்க மடி வலை இழுக்காதீங்க, இது மீனு குஞ்சு பொரிக்கிற எடம்னு விளக்கிச் சொன்னாவ. எவன் கேட்டான்? எல்லாரும் தென்கெழக்கு மூலையப் பாக்கானுவ. சாம்பலுக்கு நடுவுல ஒரு காவிப் பொட்டு. பக்கத்துல எழுத்து, கஸ்பார் பார். எங்க பாத்தாலும் செல்போனு, எல்லாவனும் போட்டோ எடுக்கான். "ஏ கஸ்பாரு, பெரிய ஆளாயிட்டீரே"ங்கான். முன்னால சிரிச்ச அதே பயதான்.

நான் நெஞ்ச நிமித்தி நிக்கேன். அப்பத்தான் கூட்டத்துக்குப் பின்னாலேர்ந்து தொம்மை வந்தான். படத்துக்குக் கிட்டப் போனான். வெரல வச்சுத் தடவிப் படிச்சான். எம் பக்கம் திரும்புனான். கத்துவான்னு நெனச்சேன். கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அதோட முடிஞ்சிருக்கும்.

"அத்தான், ஒம்ம பேரா போட்டிருக்கு?"

அவ்வளவுதான் கேட்டான். மெதுவாக் கேட்டான். நான், ஆமால, மேடந்தான் போட்டாவன்னேன். சரின்னு தலையாட்டிட்டுப் போயிட்டான்.

ஒரு வாரத்துல பதினாலு வள்ளம் அங்கன நின்னுச்சு. அதுக்கப்புறம் வெளியூருலேர்ந்து விசைப்படகு வந்துச்சு. எல்லாவன் கையிலயும் போட்டோ இருக்குலா. நானும் போய்ப் பாத்தேன். எனக்கு நங்கூரம் போட எடம் இல்ல தம்பி. எம் பேரு போட்ட பாருல எனக்கு எடம் இல்ல! தள்ளிப் போவும்யாங்கான் ஒரு பய. தொம்மை ஒரு நாளு வந்தான். தூரத்துல எஞ்சின நிறுத்திட்டுக் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருந்தான். தூண்டிலக்கூட எடுக்கல. திரும்பிட்டான். மாசக் கடைசியில வள்ளத்தக் கரையில ஏத்திக் கவுத்திப் போட்டுட்டுக் கொல்லத்துக்குப் போயிட்டான். அங்க எவன் படகுலயோ கூலிக்கு நிக்கான். அவனுக்கு மலையாளமும் தெரியாது, காதும் கேக்காது. அங்க போய் என்னத்தக் கேட்டு என்னத்தச் செய்வான்? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்.

ஹமீதா மேடம் மாத்தலாகிப் போறதுக்கு முன்னால இங்க வந்தாவ. இவ என்ன செஞ்சா தெரியுமா? எங்கிட்டப் பேசாதவ, அந்த மேடத்தக் கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போய் மீன் கொழம்பு வச்சுச் சோறு போட்டா. ரெண்டு பேரும் அடுக்களையில உக்காந்து அரமணி நேரம் பேச்சு. வெளிய வந்த மேடத்துக்குக் கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. "அண்ணே, தொம்மை அண்ணனப் பத்தி ஏன் எங்கிட்ட சொல்லல?"ன்னு எங்கிட்டக் கேக்காவ. எப்படி இருக்கும் எனக்கு? நீங்க கேட்டாத்தானே சொல்லுவேன்னு சத்தம் போட்டுட்டேன். ஆமா, கேட்டாவதான், அதான் முன்னாலயே சொன்னேன்லா. ஆனா வள்ளத்துல வச்சுக் கேட்டாவ. அந்த நேரத்துல மனுசனுக்கு என்ன நெனப்பு வரும்?

என்ன அது, லாப்டாப்ப எதுக்குத் தொறக்கிய? போன மாசம் எடுத்ததா? யாரு வள்ளத்துல? பெரிய கப்பல்லயா? சரி காட்டுங்க. எனக்கும் படம் பாக்கத் தெரியும் இப்ப.

இது எந்த எடம்?

இல்ல தம்பி. இது அந்தப் பாரு இல்ல. நெழலு எங்க? மூணு ஆளு ஒசரத்துக்கு நெழலு விழணும். இதுல ஒரு முழங்கூட விழலையே. ஒங்க மெசின் ரிப்பேரு. கோணலா இழுத்திருப்பானுவ, படம் அமுங்கிருக்கும்.

இருங்க, இந்தக் கோடு என்னது? நேராப் போவுது. கடல்ல எதுவும் இம்புட்டு நேராப் போவாது. சோடியாப் போவுது பாருங்க, இங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணு. இது மடி வலையோட பலகை இழுத்த தடம். இது நங்கூரம் அறுத்த தடம். இது... இதெல்லாம் ஒடஞ்ச கல்லா? பூராவுமா?

மூடிருங்க. போதும், மூடிருங்க.

அவ பாத்துரப் போறா.

இந்த மெசின் இல்லன்னா இது எதுவும் நடந்திருக்காது தம்பி. நான் அதத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுதேன், இந்த வீட்டுல கேக்க ஆளில்ல.

சரி. ஒண்ணு கேக்கேன். மறுபடி எடுத்து முடிச்சப் பொறவு புதுப் படம் அடிப்பியள்லா? அதுல பேர மாத்த முடியுமா? எம் பேர எடுத்துட்டுத் தொம்மை பார்னு போடணும். முடியும்லா? அப்ப வள்ளம் வரும். நாளைக்கே வரும், நீங்க சொல்லுத கோட்டுலயே போறேன், ரெண்டு மீட்டரு இல்ல, ஒரு சாண்கூட வெலக மாட்டேன். ஏன் அப்படிப் பாக்கிய? பேருதானே பிரச்சினை? அன்னைக்கு ஹால்ல அவன் பேரத்தானே கேட்டான்? வேற எதுவும் கேக்கலையே. பேரு மாறிட்டுன்னு தெரிஞ்சா அவன் கொல்லத்துலேர்ந்து வந்துருவான். அவன் வந்துட்டா இவ பேசிருவா. பெரிய விசயமே இல்ல, ஒரு பேரு.

ஒங்க போனக் குடுங்க. எந்நம்பர்னா அவன் எடுக்க மாட்டான். இந்தா, நம்பரு இதுதான். நீங்களே பேசுங்க. சத்தமாப் பேசணும், வலது காதுல வைக்கச் சொல்லுங்க. ஆராய்ச்சி ஆபீசுலேர்ந்து பேசுறேன், புதுப் படத்துல ஒங்க பேரு வருது, ஊருக்கு வாங்கன்னு சொல்லுங்க. அத்தான் சொன்னாருன்னு சொல்ல வேண்டாம். அப்புறமாச் சொல்லிக்கிடலாம்.

ரிங் போவுதா?

தம்பி, ஒரு நிமிசம். அவன் மொதல்ல பாரு எப்படி இருக்குன்னுதான் கேப்பான். அவன் அப்படித்தான், பேரு கீருன்னு கேக்க மாட்டான், பாரத்தான் கேப்பான்.

நல்லா இருக்குன்னு சொல்லிருங்க.